அன்று குருவின் பக்கத்தில், இன்று போனின் எதிரில்

கீழ்ப்பழனி மலையின் அடிவாரத்தில், மருதாநதி அணையை ஒட்டி, தென்னந்தோப்புகள் சூழ்ந்த ஊர் அய்யம்பாளையம். நெட்டைத் தென்னைக்குப் பேர் போன மண். மேலே ஏறினால் தாண்டிக்குடிக் காபித் தோட்டங்கள். கீழே இறங்கினால் பட்டிவீரன்பட்டி, வத்தலக்குண்டு, மதுரைச் சாலை. மாரியம்மன் திருவிழா வந்தால் நாதசுரமும் தவிலும் உறுமியும் தெருவை நிறைக்கும். மேளம் இந்த ஊருக்குப் பழகிய சத்தம். வயலின் அப்படியல்ல. ஒரு தலைமுறைக்கு முன் இங்கே அதை ரேடியோவிலும் சினிமாப் பாட்டிலும் கேட்டிருப்போம். கையில் தொட்டவர்கள் அபூர்வம்.

இன்று மாலை ஆறு மணிக்குத் தெருவில் நடந்தால், ஒன்றிரண்டு வீடுகளில் இருந்தாவது, ஆரம்பப் பாடமான சரளி வரிசை வில்லில் தேய்ந்து வருவது கேட்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் பாயில் ஒரு பிள்ளை, எதிரே புத்தகங்களின் மேல் சாய்த்து வைத்த போன், போனுக்குள் சென்னையிலோ கோவையிலோ இருக்கும் ஒரு ஆசிரியர். எனக்கு இதைப் பார்க்கப் பூரிப்பாக இருக்கிறது. அந்தப் பிள்ளை எதைப் பெற்றிருக்கிறது, எதைப் பெறாமல் இருக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கடல் தாண்டி வந்த கருவி

வயலின் நம்முடையது ஆனதே ஒரு கற்றலின் கதைதான். இத்தாலியில் 16ஆம் நூற்றாண்டில் உருவெடுத்த இந்தக் கருவி, கிழக்கிந்தியக் கம்பெனியோடு சென்னைக் கோட்டைக்கு வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் 1786இல் பிறந்தவர். அவர்கள் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் தங்கியிருந்தபோது, அங்கிருந்த முதலியார் குடும்பத்துப் புரவலர் ஓர் ஐரோப்பிய வாசிப்பாளரை ஏற்பாடு செய்து பாலுசுவாமிக்கு மூன்று ஆண்டுகள் வயலின் கற்பித்தார். கற்ற கையோடு அவர் அதில் நம் ராகங்களை வாசித்துப் பார்த்தார். பிற்காலத்தில் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக வாழ்ந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இன்னொரு முன்னோடி. அவருடைய வாசிப்பில் மனம் பறிகொடுத்த சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் யானைத் தந்தத்தால் செய்த வயலின் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார்.

அந்த நாளில் கோட்டையின் இராணுவ இசைக்குழு வாசித்த மெட்டுகளும் தீட்சிதர் வீட்டுக்குள் நுழைந்தன. முத்துசுவாமி தீட்சிதர் அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். நோட்டு சுவரங்கள் என்று இன்று நாம் பாடுபவை அவைதாம். அவற்றில் 'வந்தே மீனாக்ஷி' அமர்ந்திருப்பது 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்ற அயர்லாந்து மெட்டில். கிராமத்து ஆட்டங்களுக்குப் பிடில்காரர்கள் வாசித்துவந்த மெட்டு அது. அயர்லாந்தின் ஆட்டக்களத்தில் பிறந்த ஒன்று மதுரை மீனாட்சியின் மேல் பாட்டாகி, இன்று அய்யம்பாளையத்துப் பிள்ளை வயலினில் முதன்முதலாக வாசிக்கும் முழுப் பாட்டாகவும் இருக்கிறது. கமகம் என்னும் சுவர அசைவு அதிகம் இல்லாமல் நேர்சுவரங்களில் நடப்பதால் முதல் பாட்டாக ஆசிரியர்கள் பலர் நோட்டு சுவரத்தை எடுக்கிறார்கள்.

வாங்கிய கருவியை நம்மவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. ஐரோப்பியர் நின்றபடி தாடையில் இடுக்கி வாசிப்பதைத் தரையில் உட்கார்ந்து வாசிக்க வேண்டியிருந்தது. வலது காலைச் சற்று நீட்டி, வயலினின் சுருள்தலையைக் கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். இதனால் கருவியைத் தாங்கும் வேலை இடது கையிலிருந்து இறங்கியது; விரல்கள் தந்தியின் மேல் தடையில்லாமல் வழுக்கிப் போகலாயின. தந்திகளை மேற்கத்திய முறையை விட்டு சட்ஜம், பஞ்சமம், மீண்டும் சட்ஜம், பஞ்சமம் என்று சுருதி கூட்டினார்கள். குரலில் வரும் ஒவ்வொரு அசைவும் கருவியில் வரவேண்டும் என்பதே இத்தனை மாற்றத்துக்கும் காரணம். தமிழ்நாட்டில் வயலின் தன் பிழைப்பைத் தேடிக்கொண்டது பாடுகிறவரின் பக்கத்தில். அந்த இடம்தான் அதைக் கற்கும் முறையையும் தீர்மானித்தது.

அன்றைய பாடம்

அன்று கற்றல் ஒரு வீட்டுக்குள் நடந்தது. வயலின் மும்மூர்த்திகள் என்று போற்றப்பட்ட லால்குடி ஜெயராமன், டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் மூவருக்கும் முதல் குரு தகப்பனார். லால்குடிக்கு வி.ஆர். கோபால ஐயர், கிருஷ்ணனுக்கு நாராயண ஐயர், கோபாலகிருஷ்ணனுக்குப் பறூர் சுந்தரம் ஐயர். தகப்பனார் வித்வானாக இல்லாத பிள்ளை குருவின் வீட்டில் போய்த் தங்கியது. தண்ணீர் இறைத்தது, கடைக்குப் போனது, குருவின் வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கச்சேரிக்குப் போனது. பாடம் எப்போது நடக்கும் என்று நேரம் கிடையாது. குருவுக்கு மனம் வந்தால் விடியற்காலையிலும் நடக்கும்.

பாடத்தின் வரிசை எல்லாருக்கும் தெரிந்ததே: மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை, தாட்டு, அலங்காரம், பிறகு கீதம், ஸ்வரஜதி, வர்ணம், கீர்த்தனை. வரிசை பொதுவானது, அதைக் கடக்கும் வேகம் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு. இந்தப் பிள்ளைக்கு இன்னும் ஜண்டை வரிசையே போதும், அந்தப் பிள்ளைக்கு வர்ணம் கொடுக்கலாம் என்று குருவின் காது தீர்ப்புச் சொல்லும்.

தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். காகிதத்தில் அது 'க' என்ற ஓர் எழுத்து. வாசிக்கும்போது விரல் அந்த இடத்தில் நிற்பதே இல்லை. கீழே ரிஷபத்தின் பக்கமிருந்து மேலே மத்தியமத்தின் பக்கம் போய், திரும்பி, மறுபடி போகிறது. எவ்வளவு அகலம், எவ்வளவு நிதானம், எந்த இடத்தில் அழுத்தம் என்பதில்தான் தோடி இருக்கிறது. அகலம் சற்றுக் குறைந்தால் ராகம் வெளிறிப்போகும், கூடினால் கோணலாகும். குரு வாசிப்பார். பிள்ளை வாசிக்கும். "இன்னொரு தரம்" என்பார். விளக்கம் எதுவும் வராது. மறுபடி வாசிப்பார்; இந்த முறை பிள்ளையின் பார்வை குருவின் விரலில் இருக்கும். பத்தாவது தரமோ நூறாவது தரமோ, அசைவு சரியாக விழும் நொடியில் குரு அடுத்த சங்கதிக்குப் போய்விடுவார். அவர் அடுத்ததற்குப் போனதே பாராட்டு. பிள்ளைக்கு அதற்குள் காதில் ஓர் அளவுகோல் முளைத்திருக்கும்.

இப்படிக் கைமாறி வந்ததைப் பாடாந்தரம் என்கிறோம். ஒரே கீர்த்தனைக்கு ஒரு பரம்பரையில் ஒரு சங்கதி, இன்னொன்றில் வேறு. கேட்ட மாத்திரத்தில் "இது இன்னார் பாடம்" என்று ரசிகர்கள் சொல்வார்கள். பாலுசுவாமி தீட்சிதரின் வழிவந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை அச்சிட்டபோது, கமகங்களுக்கென்று தனித்தனி அடையாளங்களை வகுத்துச் சுவரங்களோடு சேர்த்தார். அந்தப் பெருநூல் இல்லாவிட்டால் எத்தனையோ உருப்படிகள் போயிருக்கும். ஆனாலும் அந்த அடையாளங்களைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் கேட்டுப் பழகிய காது ஒன்று வேண்டும்.

அன்றைய கற்றலின் உச்சம் பக்கவாத்தியம். பாடகர் இன்றைக்கு எந்த ராகத்தை எடுப்பார், எந்த வரியை நிரவல் செய்து விரிப்பார் என்பது வயலின்காரருக்குத் தெரியாது. அவர் ஒரு பிடியைப் பாடி முடிக்கும்முன் வில் அதைத் தொட்டுத் தொடர வேண்டும். தனக்குரிய முறை வரும்போது அதற்குப் பதிலும் சொல்ல வேண்டும். இதை வீட்டில் தனியாக உட்கார்ந்து கற்க முடியாது. குருவின் பின்னால் மேடையோரம் அமர்ந்து, பிறகு சின்னக் கச்சேரிகளில் சின்னப் பாடகர்களுக்கு வாசித்து, தடுமாறித் தேறினார்கள். திருக்கோடிக்காவல் கிருஷ்ண ஐயர், மலைக்கோட்டை கோவிந்தசாமி பிள்ளை, கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை என்று நாம் வணங்கும் பெயர்கள் பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்த பெயர்கள்.

மூடிய கதவுகள்

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அன்று யாருக்கு இது கிடைத்தது என்று கேட்காமல் போனால் நேர்மையில்லை. பிறந்த குடும்பம், சாதி, ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா, காவிரிக் கரைக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம் என்பவையெல்லாம் பாடம் தொடங்கும் முன்பே முடிவைச் சொல்லிவிட்டன. அய்யம்பாளையத்தில் தென்னை ஏறுகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு வயலின் ஆசை வந்திருந்தால் அது எந்தக் கதவைத் தட்டியிருக்கும்?

உள்ளே இருந்தவர்களுக்கும் வழி எளிதாக இருக்கவில்லை. நம் மலைக்கு அந்தப் புறம் இருக்கும் பழனி தந்த மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைப் பழக்கம் உள்ளவர். அவர் வாசித்தால் மேடையில் வயலினும் மிருதங்கமும் இடம் மாறி உட்கார வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே அவருக்கு வாய்ப்புகள் தட்டிப்போன காலம் உண்டு. செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றவர்கள் விடாமல் அருகில் அமர்த்திக்கொண்டதால் அந்த மேதையை உலகம் கேட்டது. உட்காரும் பக்கம் மாறியதையே ஏற்கத் தயங்கிய மேடை, பெண்களுக்கு எவ்வளவு தயங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டி. ருக்மிணி, ஏ. கன்யாகுமாரி போன்றவர்கள் முன்னணி வித்வான்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்து அந்தத் தயக்கத்தை வில்லாலேயே உடைத்தார்கள். டி.என். கிருஷ்ணனின் சகோதரி என். ராஜம் தகப்பனாரிடம் தொடங்கி, ஓம்கார்நாத் தாகூரிடம் கற்று, வடக்கே இந்துஸ்தானி வயலினில் பாட்டின் சாயலைக் கொண்டுவந்தார்.

திறந்த கதவுகள்

கதவுகள் ஒவ்வொன்றாகத்தான் திறந்தன. 1929இல் சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலை செட்டியார் இசைக் கல்லூரியைத் தொடங்கினார். 1949இல் சென்னையில் கர்நாடக இசைக்கென்று அரசுக் கல்லூரி வந்தது; முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல்வராக இருந்தார். குருவின் வீட்டுத் திண்ணையில் இருந்த பாடம், மணி அடித்தால் தொடங்கி மணி அடித்தால் முடியும் வகுப்பறைக்கு வந்தது. இப்போது தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை இசைக் கல்லூரிகளையும் மாவட்ட இசைப் பள்ளிகளையும் நடத்துகிறது. மாவட்டப் பள்ளியில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று மூன்றாண்டுப் படிப்பு. நமக்கு எட்டுகிற தூரத்தில் மதுரை அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் விண்ணப்பம் வாங்குகிற வயலின் வகுப்பு தமிழ்நாட்டுக்குச் சின்ன சாதனை இல்லை.

ரேடியோ இன்னொரு கதவு. வானொலி வந்த பிறகு, சபா வாசலை மிதிக்காதவர்களும் பெரிய வித்வான்களின் வில்லைக் கேட்டார்கள். எங்கள் பகுதியில் கொடைக்கானல் பண்பலை மலை முகட்டிலிருந்து பாட்டை இறக்கியது.

சினிமா மூன்றாவது கதவு. நம்மைப் போன்ற ஊர்களுக்கு அதுதான் பெரியது. தேனிப் பக்கத்துப் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்தவர் இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் பாடித் திரிந்து, சென்னைக்குப் போய், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர். 1976இல் 'அன்னக்கிளி' தொடங்கி அவர் எழுதிய வயலின் வரிசைகளைக் கேட்காத டீக்கடை தமிழ்நாட்டில் இல்லை. 1986இல் வந்த 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பில் வி.எஸ். நரசிம்மனின் வயலின், கர்நாடக ராகத்தையும் பாக் என்ற ஜெர்மானிய மேதையின் முறையையும் ஒரே மூச்சில் பேசியது. இன்று எங்கள் ஊரில் வயலின் கற்கும் பிள்ளைகளிடம் ஏன் கற்க ஆசை என்று கேட்டால், பாதிப் பேராவது ஒரு இளையராஜா பாட்டின் இடையிசையைத்தான் சொல்கிறார்கள்.

மலைக்கு மேலே நிலைமை வேறாக இருந்தது. அமெரிக்க மிஷனரிகள் தம் பிள்ளைகளுக்காக 1901இல் கொடைக்கானலில் தொடங்கிய பள்ளி, இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. அங்கே மேற்கத்திய முறையில் நோட்டைப் பார்த்து வாசிக்கும் வயலின் எப்போதோ வந்துவிட்டது. அந்தச் சத்தம் மலைப் பாதையில் கீழே இறங்கி எங்கள் அடிவாரத்துக்கு வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இறக்கிக்கொண்டு வந்தது போன்.

இன்றைய பாடம்

இன்றைக்கு என்ன வேண்டுமோ எல்லாம் இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்குப் பெட்டி, வில், ரோசினோடு வயலின் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. தம்புராவுக்கு ஆள் வேண்டாம். போனிலேயே சுருதி ஓடுகிறது. தாளம் போட ஒரு செயலி, தந்தி கூட்ட ஒரு செயலி. லால்குடி எப்படி வர்ணம் வாசித்தார், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் எப்படி ஒற்றைத் தந்தியில் ஏறினார் என்று நினைத்த நொடியில் பார்க்கலாம்; சந்தேகம் இருந்தால் வேகத்தைப் பாதியாக்கிப் பார்க்கலாம். அந்த நாளில் குருவின் விரலை ஒரு தரம் பார்க்கத் தவம் கிடந்தார்கள். 2020இல் ஊரடங்கு வந்தபோது, அதுவரை போன் பாடத்தை ஏற்காத ஆசிரியர்களும் அதற்கு வந்தார்கள். அமெரிக்காவில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் அய்யம்பாளையத்துப் பிள்ளைக்கும் இன்று ஒரே ஆசிரியர் கிடைக்கக்கூடும். பெண்பிள்ளைகள் கற்பதை யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. இவை உண்மையான லாபங்கள். இவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்து பார்த்தால் குறை எங்கே என்று தெரியும். சுருதிச் செயலியில் சட்ஜம் சரியாக விழுந்தால் பச்சை விளக்கு எரிகிறது. பஞ்சமத்துக்கும் எரிகிறது. நேர்சுவரங்கள் முடிந்து கமகம் வந்ததும் முள் இங்கும் அங்கும் துள்ளுகிறது. தோடியின் காந்தாரம் சரியா தப்பா என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. வீடியோவில் இருக்கும் வித்வான் தன் விரலைக் காட்டுகிறார். பிள்ளையின் விரலை அவர் பார்ப்பதில்லை. நேரலை வகுப்பில் ஆசிரியர் பார்க்கிறார், ஆனால் மலையடிவாரத்துச் சிக்னலில் சத்தம் நசுங்கிப் போகிறது. வில்லின் அழுத்தம் கூடியதா குறைந்ததா என்பது அதில் கரைந்துவிடுகிறது. ஆசிரியரும் மாணவியும் சேர்ந்து வாசிக்கவே முடியாது, ஒலி சற்றே பிந்தி வருவதால். அவர் வாசிப்பார், நிறுத்துவார். இவள் வாசிப்பாள், நிறுத்துவாள். இரண்டு வயலின்களும் ஒன்றாய் ஒலிக்கும் அந்த நேரம், கோணல் தானாக நிமிரும் அந்த நேரம், இவளுக்கு இன்னும் வாய்க்கவில்லை.

இதைவிடப் பெரிய குறை இன்னொன்று. யாரும் பாடாத இடத்தில் இவள் வயலின் கற்கிறாள். சேர்ந்து வாசிக்கப் பதிவு செய்த பாட்டு கிடைக்கிறது. அந்தப் பாட்டு ஒருநாளும் மாறாது. இவள் தடுமாறினால் காத்திருக்காது. இவள் நன்றாக ஒரு பிடி வாசித்தால் மகிழ்ந்து அதற்குப் பதில் பாடாது. நம் வயலின் இரண்டு நூற்றாண்டுகளாய் வளர்த்த திறமை, எதிரே இருப்பவர் என்ன செய்யப்போகிறார் என்று காதை நீட்டி வைத்திருக்கும் திறமை. அதைப் பழக இன்னொரு உயிர் பக்கத்தில் வேண்டும்.

சுவீடன் கண்டுபிடித்த வழி

இதே சிக்கலைப் பூமியின் வடகோடியில் ஒரு நாடு நம்மைவிட முன்பே சந்தித்தது. சுவீடனில் பிடில் கிராமத்து ஆட்டக்களத்தின் கருவி. ஆறுகளிலும் அருவிகளிலும் வாழும் ஒரு நீர்த்தேவதை பிடில் கற்றுத் தரும் என்று அங்கே கதை உண்டு. உண்மையில் கற்றுத் தந்தவர்கள் தகப்பனும் பக்கத்து வீட்டுப் பெரியவரும். காதால் கேட்டு, கையால் பிடித்து வாங்கினார்கள். 'பொல்ஸ்கா' என்ற அவர்களுடைய ஆட்டமெட்டு போலந்திலிருந்து போய் அவர்களுடையதானது. மூன்று தட்டு உள்ள அந்த நடையில் தட்டுகள் சம அளவில் விழுவதில்லை. ஊருக்கு ஊர் நீட்டலும் குறுக்கலும் மாறும். தோடியின் காந்தாரம் மாதிரி அதுவும் காகிதத்தில் ஏறாத ஒன்று. யாரிடம் கற்றார்களோ அவர் பெயரைச் சொல்லியே மெட்டை அறிமுகம் செய்வது அங்கே வழக்கம். பிங்ஷோ ஊரின் ஹ்யோர்ட் ஆண்டெர்ஸ் வழி வந்த பொல்ஸ்கா என்பார்கள். நாம் பாடாந்தரம் சொல்வது போலத்தான்.

19ஆம் நூற்றாண்டில் மதச் சீர்திருத்தக்காரர்கள் பிடிலைப் பிசாசின் கருவி என்றார்கள். சிலர் எரிக்கவும் செய்தார்கள். ஆலைகள் வந்தன, அக்கார்டியன் வந்தது, பழைய மெட்டுகள் மங்கின. 1906இல் ஓவியர் ஆண்டெர்ஸ் சோர்ன் டாலர்னா மாகாணத்தின் யெசுண்டாவில் கிராமத்துப் பிடில்காரர்களுக்குப் போட்டி ஒன்று நடத்தினார். 1922க்கும் 1940க்கும் இடையே 'ஸ்வென்ஸ்கா லோத்தர்' என்று 24 தொகுதிகளில் மெட்டுகளை அச்சிட்டார்கள். மெட்டுகள் காகிதத்தில் பிழைத்தன. வாசிப்பு உயிர்பெற்றது பிறகு, ஆட்கள் கூடியபோது. 1969 முதல் பிங்ஷோவில் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் பிடில்காரர்கள் திரளுகிறார்கள். மேடை நிகழ்ச்சி ஒரு பக்கம் நடக்க, மரத்தடிகளில் ஆங்காங்கே வட்டமாக நின்று வாசிப்பார்கள். மெட்டு தெரிந்தவர் நடுவில். பாதி தெரிந்தவர் அடுத்து. ஒன்றும் தெரியாத பிள்ளை விளிம்பில் நின்று மெல்ல மெல்லச் சேர்ந்துகொள்ளும். அந்தப் பிள்ளைக்குத் தட்டின் நீட்டலும் குறுக்கலும் பக்கத்தில் நிற்பவரின் காலிலிருந்து ஏறுகிறது. 1998இல் தூபோ என்ற ஊரில் தொடங்கிய எரிக் சால்ஸ்ட்ரோம் நிலையத்தில் கிராமிய இசையைப் பாடமாகவே கற்கலாம். பதிவும் புத்தகமும் பள்ளியும் வைத்துக்கொண்டே, பக்கத்தில் நிற்கும் பழக்கத்தை அவர்கள் மீட்டுக்கொண்டார்கள்.

அய்யம்பாளையத்தில் முடியும்

நமக்கு அதைச் செய்ய மரத்தடி வட்டத்தைக் கடன் வாங்க வேண்டியதில்லை. மார்கழி விடியலில் பஜனை பாடுகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். கோயிலில் தேவாரமும் திருப்புகழும் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வழியெல்லாம் காவடிச் சிந்து பாடுகிறார்கள். சுற்றுவட்டாரத் தேவாலயங்களில் ஞாயிறுதோறும் பாடகர் குழு பாடுகிறது. திருவிழாவில் கும்மிப் பாட்டுக்கு மெட்டெடுக்கும் பாட்டிமார் இருக்கிறார்கள். வயலின் கற்கும் பிள்ளையை இவர்கள் பக்கத்தில் உட்கார வைப்போம். சரளி வரிசை தாண்டிய பிள்ளைக்கு ஒரு பஜனைப் பாட்டின் பல்லவியைப் பிடித்துக்கொள்ள முடியும். முதல் வாரம் தவறும். பாடுகிறவர் சுருதி தாழ்த்திப் பாடுவார். பிள்ளை அதற்கு ஏற்பத் தந்தியைக் கூட்டிக்கொள்ளக் கற்கும். அவர் ஒரு வரியை இரண்டு தரம் பாடுவார்; பிள்ளை காத்திருக்கக் கற்கும். எந்தச் செயலியும் இவற்றைக் கற்பிக்கவில்லை.

அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. மாவட்ட இசைப் பள்ளி என்பது நல்ல தொடக்கம். பள்ளி விட்டுப் பஸ் ஏறி நகரத்துக்குப் போய்த் திரும்ப முடியாத பிள்ளைகளுக்கு அது எட்டாது. இசைக் கல்லூரிகளில் வயலின் முடித்த இளைஞர்கள் ஆண்டுதோறும் வேலை தேடி நிற்கிறார்கள். அவர்களில் ஒருவரை வாரத்தில் இரண்டு மாலை இந்த வட்டாரத்துக்கு அனுப்பினால் போதும். அரசுப் பள்ளியில் ஒரு வகுப்பறை, ஐந்தாறு பாய், ஒரு சுருதிப் பெட்டி. போனில் கற்றதை அந்த ஆசிரியர் காதால் கேட்டுத் திருத்துவார். மற்ற நாட்களுக்குப் போன் இருக்கவே இருக்கிறது. ஆளுக்குச் சம்பளம், ஒரு அறைக்குச் சாவி. இதற்கு மேல் செலவில்லை.

பாலுசுவாமி தீட்சிதருக்கு மூன்று ஆண்டுகள் ஆசிரியரை அமர்த்திக் கொடுத்தது ஒரு புரவலர். அந்த மூன்று ஆண்டுகளின் பலனை இரு நூற்றாண்டுகளாகத் தமிழ்நாடு அனுபவிக்கிறது. அன்று ஒரு வீட்டுக்கு மட்டும் கிடைத்த அந்த வாய்ப்பை இன்று ஊருக்கே தர நம்மால் முடியும். கருவி வந்துவிட்டது, பாடம் வந்துவிட்டது, பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். வயலின் ஆசிரியர்களும் பாடுகிறவர்களும் அவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், மும்மூர்த்திகளுக்கு அடுத்த பெயர் இந்த மலையடிவாரத்திலிருந்தே வரும் என்று நான் நம்புகிறேன்.